ஐஸ் விலை எழுதாத திட்ட முன்மொழிவு

2012ஆம் ஆண்டு நான் முதன்முதலாக எழுதிய திட்ட முன்மொழிவு, "முக்கடலும் சங்கமிக்கும் குமரி மண்ணில்" என்று தொடங்கியது. எழுதி முடித்து அனுப்பிய அன்று எனக்கு மிகுந்த நிறைவாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து, பெருநகரில் இருந்த அந்த நன்கொடை நிறுவனத்தின் அலுவலர் தொலைபேசியில் அழைத்து, மிகவும் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் மாவட்டம் நன்றாகத்தானே இருக்கிறது?" எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் என்று முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே நான்தான் பெருமை பொங்க எழுதியிருந்தேன்.

நாகர்கோவிலை ஒட்டிய ஒரு சிறிய பதிவு பெற்ற சங்கத்தில் அன்று தொடங்கி இன்றுவரை நிதிக்கோரிக்கைகளை எழுதும் வேலை என்னுடையதாகவே இருந்து வருகிறது. புதிதாகச் சங்கம் தொடங்குகிறவர்கள் சிலர் அவ்வப்போது வந்து, "ஒரு நல்ல புரொபோசல் மாதிரி இருந்தால் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். மாதிரி கொடுப்பதற்கு எனக்கு மனம் வருவதில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

குமரியிலிருந்து நிதி கேட்டு எழுதுகிறவர்களுக்கு முதல் தடை மாவட்டத்தின் நல்ல பெயர்தான். எழுத்தறிவு, பள்ளிகள், மருத்துவமனைகள், சாலைகள் என்று எந்தச் சராசரியை எடுத்தாலும் நாம் மேலே இருக்கிறோம். 2018இல் ஒன்றிய அரசு, பின்தங்கிய மாவட்டங்களை "முன்னேற விழையும் மாவட்டங்கள்" என்று பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் அதில் இடம்பெற்றன. அந்தப் பட்டியலை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு இடம் தேர்ந்தெடுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்பும், முந்திரி ஆலையில் நாள் முழுவதும் குந்தியிருந்து கொட்டை உடைக்கும் பெண்ணும், அலைக்கும் சாலைக்கும் இடையே நெருக்கியடித்து நிற்கும் கடற்கரைத் தெருவும் அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகின்றன. ஆகவே நம் மாவட்டத்திலிருந்து எழுதும்போது, மாவட்டம் என்ற அளவைக் கைவிட்டு, ஒரு ஊர், ஒரு தெரு, ஒரு தொழில் என்று கீழே இறங்கித்தான் தேவையைக் காட்ட முடியும். அந்த அளவில் அரசிடம்கூட ஆயத்தமான புள்ளிவிவரம் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், எண்ண வேண்டிய வேலை நம்முடையதாகிறது.

இதை நாங்கள் கற்றுக்கொள்ள நான்கு ஆண்டுகள் பிடித்தன. 2016இல் குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில், மீன் வாங்கி விற்கும் பெண்களைப் பற்றி ஒரு கோரிக்கை எழுத முடிவு செய்து, எழுதுவதற்கு முன்பு அவர்களை எண்ணுவதற்காக விடிவதற்குமுன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போனோம். கேட்க வேண்டிய கேள்விகளை நான்காகக் குறைத்துக்கொண்டோம்: இன்று ஏலத்தில் எவ்வளவுக்கு மீன் எடுத்தீர்கள், அந்தப் பணம் யாரிடம் வாங்கியது, எந்தச் சந்தைக்கு எப்படிப் போகிறீர்கள், மாலையில் விற்காமல் மிஞ்சியதை என்ன செய்தீர்கள். கேள்விகளைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கடற்கரையில் படிவம் நிரப்பாத நிறுவனமே இல்லை எனலாம். குறிப்பேட்டோடு வருகிறவர்களைக் கண்டால் அந்தப் பெண்களின் முகம் மாறிவிடும். மூத்த பெண்மணி ஒருவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "எழுதிட்டுப் போவிய மக்கா, பொறவு ஆளையே காணாது."

எட்டு நாள் தொடர்ந்து போனதில் 71 பெண்களின் கணக்கு கிடைத்தது. அந்த 71 பேரின் கணக்கைக் கொண்டு எழுதிய பத்தி, நான் 2012இல் எழுதிய பத்து பக்கத்தைவிடக் கனமாக இருந்தது. முன்பானால், "மீனவப் பெண்கள் சமூக, பொருளாதார நிலையில் மிகவும் பின்தங்கியுள்ளனர்" என்று எழுதியிருப்பேன். அதைப் படிக்கிறவர் மறுக்கவும் மாட்டார், நம்பவும் மாட்டார். இப்போதோ, எத்தனை பேர் காலையில் வட்டிக்கு வாங்கிய பணத்தில் ஏலம் எடுக்கிறார்கள், எத்தனை பேர் மாலை நான்கு மணிக்குமேல் மீன் நெகிழ்ந்துவிடும் என்ற பயத்தில் வாங்கிய விலைக்கும் கீழே கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்று எழுத முடிந்தது.

எழுதியதை அனுப்புவதற்கு முன் அவர்களுக்கே தமிழில் வாசித்துக் காட்டுவது என்று அப்போது ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். இன்றுவரை அதை விடவில்லை. "சந்தைக்குச் செல்ல போதிய வாகன வசதி இல்லை" என்ற வரி வந்ததும் அதே பெண்மணி குறுக்கிட்டு, "வண்டி உண்டு மக்கா, மீன் கூடைய ஏத்த மாட்டாவ" என்றார். இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். முதலாவதற்கு வண்டி வாங்கக் கேட்போம், இரண்டாவதற்குத் தண்ணீர் ஒழுகாத, வாடை வெளியே வராத மூடிய பெட்டி போதும். (2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்ட செய்தி மாநிலம் முழுவதும் பேசப்பட்டபோது, எங்கள் ஊர்ப் பெண்கள் யாருக்கும் அது புதிதாகத் தோன்றவில்லை.) அதோடு விடாமல், பட்டியலில் 71 ஐஸ் பெட்டிகள் என்றிருந்ததைக் கேட்டுவிட்டு அவர் இன்னொன்றும் கேட்டார்: "பெட்டி தருவிய, சரி. ஐஸு யாரு தருவா?"

பெட்டி ஒருமுறை வாங்கினால் முடிந்தது. ஐஸ் அன்றாடச் செலவு. அந்த விலையை யார் கொடுப்பது என்று எங்கள் முன்மொழிவில் ஒரு வரிகூட இல்லை. அதை எழுதாமல் அனுப்பியிருந்தால், ஆறு மாதத்தில் பெட்டிகள் வீட்டில் அரிசி வைக்கப் பயன்பட்டிருக்கும். நாங்களோ "71 பெட்டிகள் வழங்கப்பட்டன" என்று நிறைவாக அறிக்கை கொடுத்திருப்போம். பெண்களின் சுய உதவிக் குழுக்களோடு உட்கார்ந்து பேசி, காலையில் எடுத்து வாரக் கடைசியில் திருப்பிக் கட்டும் ஒரு சுழல்நிதியைத் திட்டத்துக்குள் சேர்த்தோம். வழங்கியதற்கும் விளைந்ததற்கும் உள்ள வேறுபாட்டை எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் கேட்டிருக்கிறேன். எனக்கு அது விளங்கியது அந்தக் கேள்வியில்தான். மாலையில் மலிவாகத் தள்ளிவிடும் மீனின் அளவு குறைகிறதா என்பதே நாங்கள் அளக்க வேண்டியது. பெட்டியின் எண்ணிக்கை அதற்கு வெறும் படிக்கட்டு.

யாரிடம் கேட்பது என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் விதிகளை எந்த ஆடிட்டரும் விளக்கிவிடுவார். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 நிறுவனச் சட்டத்தின் 135ஆவது பிரிவு. தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது; பெருந்தொழிற்சாலைகள் குறைவான நம் மாவட்டத்துக்கு இது சற்றே பாதகமானது. அதனால் நம்மவர்கள் பலர் ஆண்டுதோறும் ஒரே நாலைந்து கதவுகளையே தட்டுகிறார்கள். கடற்கரையில் ஊர் எதிர்க்கும் ஒரு தொழிலைச் செய்கிற நிறுவனம் அந்த ஊருக்கே நிதி தர முன்வரும் சங்கடமும் உண்டு. ஊர்க்கூட்டத்தில் கேட்காமல் அத்தகைய நிதிக்கு எழுதுவதில்லை என்பது எங்கள் முடிவு. இதில் பிறர் வேறாக நினைக்கலாம்.

வெளிநாட்டு நிதி எங்களைப் போன்ற சிறிய சங்கங்களுக்கு ஏறக்குறைய அடைபட்ட வழி. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு, பெரிய அமைப்பு ஒன்று வெளிநாட்டு நிதியைப் பெற்று, அந்தச் சட்டப்படி பதிவு பெற்றிருந்த சிறிய சங்கங்களுக்குப் பகிர்ந்து கொடுக்க முடிந்தது. திருத்தம் அந்தப் பகிர்வைத் தடுத்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. பணம் வந்திறங்கும் கணக்கும் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும் என்றாயிற்று. அந்தச் சட்டப்படி சொந்தமாகப் பதிவு வாங்க வேண்டுமானால் மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் பணி செய்து செலவிட்டிருக்க வேண்டும். ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் குறுந்தொழில் பயிற்சித் திட்டங்கள், உள்நாட்டு அறக்கட்டளைகள் ஆகியவை புதியவர்களுக்கு ஏற்ற தொடக்கம் என்பது என் கருத்து. தொகை சிறியதாக இருந்தாலும், ஒரு முறை ஒழுங்காகக் கணக்கு ஒப்படைத்தால் அந்தக் கடிதம் அடுத்த கோரிக்கைக்கு இணைப்பாகும்.

ஆவணங்களில் எங்களுக்கு நேர்ந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு கோரிக்கை எல்லாச் சுற்றுகளையும் கடந்து, கடைசியில் பெயரில் நின்றது: பதிவுச் சான்றிதழில் எங்கள் பெயர் "சங்கம்" என்று முடிகிறது, பான் அட்டையில் அதுவே "சொசைட்டி" என்று முடிகிறது. பத்து ஆண்டுகளாக யாரும் கவனிக்காத அந்த ஒரு சொல்லைத் திருத்திக்கொண்டு வருவதற்குள் அந்த நிறுவனத்தின் நிதியாண்டு முடிந்துவிட்டது. பதிவுச் சான்றிதழ், பான், வருமான வரிச் சலுகைக்கான 12ஏபி, 80ஜி பதிவுகள், தொண்டு அமைப்புகளுக்கு நிதி ஆயோக் தரும் தர்பன் எண், 2021 ஏப்ரல் முதல் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்குக் கட்டாயமாக்கப்பட்ட சி.எஸ்.ஆர்.-1 பதிவு, மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை ஆகிய அனைத்தையும் ஒரே மேசையில் பரப்பி, பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். நாகர்கோவிலை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று அப்போது தெரியும்.

கால அட்டவணையில் நாங்கள் செய்த பிழை இன்னும் வெட்கத்துக்குரியது. 2016 கோரிக்கையில் கருவாடு உலர்த்தும் பரண்களும் இருந்தன. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கடற்கரைகளையும் உடைய நம் மாவட்டத்தில் இரண்டும் நடப்பில் உண்டு. எங்கள் ஊர் மேற்கில் இருப்பதால், "தடைக்காலத்தில் பெண்களுக்கு ஓய்வு இருக்கும்" என்று கணக்குப் போட்டு, பரண்களின் சோதனை ஓட்டத்தை ஜூன், ஜூலை மாதங்களில் வைத்தோம். தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும் மாதங்கள் அவை. வெயிலும் இல்லை, காய வைக்கப் போதுமான மீனும் இல்லை. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த நான் அதை எழுதினேன் என்பதை எப்படி விளக்குவது? அட்டவணை என்றால் கட்டங்களை நிரப்புவது என்ற பழக்கம்தான் காரணம். பணம் எப்போது வரும் என்பதை வைத்து மாதங்களைப் போட்டேனே தவிர, கடல் எப்போது மீன் தரும் என்று பார்க்கவில்லை. இப்போது அட்டவணைக்குமுன் ஒரு காகிதத்தில் பன்னிரண்டு மாதங்களை எழுதி, மழை, தடை, திருவிழா, பள்ளித் திறப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகே வேலையைப் போடுகிறோம். நிதியைப் பரிசீலிக்கிறவர் மும்பையிலோ சென்னையிலோ இருப்பார். அக்டோபரிலும் இங்கே மழை உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டால், இந்த ஆளுக்கு இடம் தெரியும் என்ற நம்பிக்கை அவருக்கு வரும்.

1960களின் இறுதியில் அமெரிக்க வளர்ச்சி உதவி முகமைக்காக உருவாக்கப்பட்ட தர்க்கச் சட்டக அட்டவணையை இன்றும் பல நன்கொடையாளர்கள் கேட்கிறார்கள். நோக்கம், விளைவு, வெளியீடு, செயல் என்று கீழிறங்கும் வரிசைகளும், அளவுகோல், சான்று, அனுமானம் என்ற பத்திகளும் கொண்டது அது. வலப்பக்கக் கடைசியில் உள்ள அனுமானப் பத்தியை எல்லோரும் கடைசியாக, தூக்கக் கலக்கத்தில் நிரப்புவோம். நானும் அப்படித்தான், "இயற்கைப் பேரிடர் ஏதும் நிகழாது" என்று எழுதியிருந்தேன்.

2017 நவம்பர் 29ஆம் தேதி இரவு ஒக்கிப் புயல் வந்தது. ஆழ்கடலுக்குப் போனவர்களைத் தேடி ஊர் ஊராக மக்கள் சாலையில் உட்கார்ந்திருந்த நாட்களில் மீன் ஏலம் என்ற ஒன்றே கிடையாது. எங்கள் 71 பெண்களில் யாருடைய வீட்டில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுத நான் விரும்பவில்லை. அந்த டிசம்பரில் காலாண்டு அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது, கணினித் திரையில் அந்த வரி அப்படியே இருந்தது. நன்கொடை நிறுவனத்துக்கு நடந்ததை மறைக்காமல் எழுதி, கூடுதல் நிதி கேட்காமல் ஆறு மாத கால நீட்டிப்பும், பயிற்சித் தலைப்பில் மிஞ்சிய தொகையைச் சுழல்நிதிக்கு மாற்ற அனுமதியும் கேட்டோம், இரண்டும் கிடைத்தன. அதன் பிறகு நாங்கள் எழுதும் அனுமானப் பத்தி நீளமாக இருக்கும்: புயல் எச்சரிக்கை வந்தால் எந்த வேலை நிற்கும், எது தொடரும், எந்தத் தலைப்பிலிருந்து எவ்வளவு மாற்றலாம், அதற்கு யாருடைய கையொப்பம் வேண்டும் என்பது வரை அதில் எழுதிவிடுகிறோம்.

வரவு செலவுத் திட்டத்தைக் கடைசியில் எழுதுகிறோம். பரிசீலிப்பவர்களில் பலர் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். "பயிற்சிச் செலவு 1,00,000" என்று முழு எண்ணில் எழுதினால், யோசிக்காமல் எழுதியது என்று யாருக்கும் தெரியும். 71 பேர், 4 நாள், ஆளுக்கு உணவும் தேநீரும் 120 ரூபாய் என்று பெருக்கினால் 34,080 வருகிறது. அந்த 80 ரூபாய்தான் நம்பிக்கையைக் கொண்டுவருகிறது. பெட்டிக்கு மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி இணையுங்கள், ஜி.எஸ்.டி.யைச் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் பெட்டி விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாங்களே கொடுத்தார்கள். அதையும் ஒரு வரியாகக் காட்டினோம்.

கணக்காளர் சம்பளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிக்கனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 2016இல் அந்த வரியையே நீக்கினேன். விளைவாக, களப்பணியாளர் ஒருவர் இரவில் வவுச்சர் எழுதினார். தேநீர்க்கடை ரசீதுகளில் பாதி வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போயிற்று. ஆடிட்டர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒன்றரை மாதம் ஆனது. நிறுவனங்களின் நிதி என்றால் நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டுக்குமேல் கேட்கக்கூடாது என்று நம்மவர்கள் பலர் தாமாகவே அஞ்சி ஒதுங்குகிறார்கள். அந்த 5 விழுக்காடு, நிறுவனம் தன் சமூகப் பொறுப்புப் பிரிவை நடத்த ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கான வரம்பு. குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் சொந்தக் கொள்கையாகக் குறைவாக வைத்திருக்கலாம், அது வேறு. ஆகவே திட்டத்துக்கு வேலை செய்யும் கணக்காளரின் பாதி நாளைத் திட்டச் செலவாகவே எழுதுங்கள், ஏன் தேவை என்று ஒரு வாக்கியமும் சேருங்கள். 2022இல் இரண்டாம் கட்டத்துக்கு எழுதியபோது அப்படித்தான் கேட்டோம். யாரும் முகம் சுளிக்கவில்லை.

மறுப்பு வந்தால் காரணம் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பெரும்பாலும் பதில் வராது. வந்த இரண்டு மூன்றும் எங்களுக்குப் பெரிதும் உதவின. அந்த 2012ஆம் ஆண்டு அலுவலருக்கும் நான்கு ஆண்டுகள் கழித்து 71 பெண்களின் கணக்கை அனுப்பினேன். அவர் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தார். ஆனாலும் படித்துவிட்டு, யாரிடம் அனுப்பலாம் என்று ஒரு பெயரைச் சொன்னார். முதல் கட்டத்துக்கு நிதி அங்கிருந்துதான் வந்தது.

இப்போது பக்கத்து ஊருக்காக ஒரு கோரிக்கை பாதியில் நிற்கிறது. பக்கங்கள் எல்லாம் ஆயத்தம். சுழல்நிதியின் அளவை மட்டும் முடிவு செய்யவில்லை, ஏனென்றால் நான் எழுதிவைத்திருப்பது போன ஆண்டின் ஐஸ் விலை. நேற்று அதே பெண்மணியைச் சந்தையில் பார்த்துக் கேட்டபோது, "நாளைக்கு வெள்ளன கரைக்கு வா மக்கா, ஐஸ்காரன்கிட்டயே கேப்போம்" என்றார். அலாரத்தை நாலரைக்கு வைத்திருக்கிறேன்.